பேரேட்டில் ஐந்து

ஒப்பணக்காரத் தெருவில் மழை விட்ட மத்தியானம்.
ஆனைமலைப் பக்கமிருந்து இரண்டு பேர் படியேறினார்கள்.
லைசென்ஸை மஞ்சள் பையில் வைத்திருந்த தெய்வசிகாமணி,
பின்னால், நனைந்த குடையை எங்கே சாத்துவதென்று தெரியாமல்
அவர் சம்சாரம் ராமாத்தாள்.

கலெக்டரின் அறிவிப்பும் இருந்தது, நாலாய் மடித்து.
இடக்கொம்பு முறிந்தது.
முன்காலடிச் சுற்றளவு நாலடி எட்டங்குலம்.
சேத்துமடைக்கு மேற்கே மூன்று பேர்.
யார் சுட்டாலும் கொம்பு சர்க்காருக்கு.

கடையில் அப்போது இரண்டே ரைபிள்,
வால்பாறைத் துரைமார் கப்பலேறும் முன் விற்றவை.
ஒன்று முந்நூற்றுப் பதினெட்டுத் தோட்டா தின்னும்,
மற்றது முந்நூற்று எழுபத்தைந்து.

வழக்கமான பேச்சை எடுத்தேன்.
"மண்டையெலும்பு தேனடையாட்டங்க, ஒண்ணரை அடி கனம்.
மூக்கு மெத்துன்னு இருக்கற ரவை மானுக்கு, பன்னிக்கு;
இங்கெ பட்டா காளானா விரிஞ்சு எலும்புக்குள்ளயே நின்னு போகும்.
முழுசா உறை போட்டதுதான் வளையாம உள்ள போகும்.
பதினெட்டு, துளைக்கறதுல கெட்டிக்காரன். ஆனா ஒல்லி.
எழுபத்தஞ்சு, குறி ஒரு விரக்கடை தப்புனாலும்
ஆளைத் தள்ளி உட்கார வெக்கும்,
நமக்கு ஓடவோ மறுக்காச் சுடவோ நேரம் குடுக்கும்."

தெய்வசிகாமணி தலையாட்டினார்,
என்னைப் பார்த்தல்ல, சுவர்க் காலண்டரைப் பார்த்து.
கருமணியில் பால் படர்ந்திருந்தது.

கண்ணாடிப் பெட்டியில் மாதிரிக்கு வைத்த
தனி ரவை இரண்டையும் கேட்டாள் ராமாத்தாள்.
உள்ளங்கைக்கு ஒன்றாய் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் கண்ணை மூடினாள்.
"இது ரெண்டு பவுன். இது ரெண்டரைக்குத் துளி கம்மி."
தராசில் போட்டேன். சரி.

"பெருசு எத்தன உதை உதைக்குமுங்க?"
"தோளு ரெண்டு நாளைக்கு நீலம் பாஞ்சிருக்கும்.
அண்ணனுக்கு அதெல்லாம் ஒரு..."
"சுட்டு முடிச்சு அடுத்த தோட்டா ஏத்த
கன்னத்துலருந்து கட்டைய எடுக்கோணுமா?"
அப்படி எந்த ஜமீன்தாரும் என்னைக் கேட்டதில்லை.
வேண்டாம் என்றேன், பழகிய கைக்கு.

எழுபத்தைந்தை எடுத்துத் தோளில் சார்த்தினாள்,
குழாயில் தண்ணீர் பிடிக்கக் குடம் வைக்கிற மாதிரி, யோசிக்காமல்.
குழல் முனை கூரையின் பல்லிக்கு நேராய் ஏறி
ஆடாமல் நின்றது.
"கட்டை நீளமுங்க. முக்கா அங்குலம் அறுத்துக் குடுங்க."

தெய்வசிகாமணியின் கை
முட்டிவரை தொங்குகிற கை.
நான் அவரைப் பார்த்தேன். அவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.
ஆசாரியைக் கூப்பிட்டு அளவு சொன்னேன்.

ஐந்து தோட்டா, உறை போட்டது.
உரிமதாரர் கையெழுத்துக் கட்டத்தின் மேல்
அவர் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தாள் அவள்.
எழுத்து நன்றாகத்தான் இருந்தது, கோட்டுக்குக் கொஞ்சம் கீழே.

தை பிறந்து பத்து நாள்.
தனியாக வந்தாள், பொள்ளாச்சி பஸ்ஸில்.
மஞ்சள் பையிலிருந்து வெற்றுப் பித்தளை இரண்டு,
சுடாதது மூன்று, மேசைமேல் வரிசையாய் நிறுத்தினாள்.
பித்தளையில் இன்னும் மருந்து நெடி.

"விழுந்துதுங்களா?"
"முதல் ரவைலயே. காதுக் குழிக்கு முன்னால,
நீங்க சொன்ன எடந்தான்."
"ரெண்டாவது?"
ரவிக்கைக் கையை வலது தோளருகே இழுத்துவிட்டுக்கொண்டாள்.
"அது விழுந்து கெடக்கறப்ப,
வயிறு ஏறி எறங்குன மாதிரி இருந்துச்சுங்க.
காத்துக்கு வாழையெல தான் நெழலாடுச்சு.
அப்பறந்தான் தெரிஞ்சுது."

பேரேட்டில் செலவான தோட்டாவுக்கு நேரே
காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
முதலாவதற்கு யானை என்று எழுதினேன்.
இரண்டாவதற்கு நேரே பேனா நின்றது,
மை ஊறிப் புள்ளி பெருத்தது.

"தெக்கால தோப்புல இன்னொண்ணு வருதுங்களாம்," என்றாள்,
"கொம்பில்லாதது. அது சும்மா தேங்கா தின்னுட்டுப் போயிருது.
அதுக்கு வேண்டாம்.
இந்த மூணும் போதும்."

புள்ளிமேலேயே யானை என்று எழுதி
ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினேன்.